தை மாதத் தீ

தை மாதக் கடைசி. பழவேற்காட்டில் ஒரு வேலை. கும்மிடிப்பூண்டி லோக்கலில் பொன்னேரி வரை போய், அங்கிருந்து பஸ் பிடிப்பதுதான் வழக்கம். ஒரு நண்பர், ‘பொன்னேரிக்கு முந்தின ஸ்டேஷன் அனுப்பம்பட்டுலயே இறங்கிடுங்க, நான் பைக்கோட வந்து கூட்டிக்கிட்டுப் போறேன்’ என்றார். இறங்கிவிட்டேன். நண்பர் வரவில்லை. போன் செய்தால், ‘கிளம்பிட்டேன் சார்’ என்கிறார். கிளம்பிட்டேன் என்றால் இன்னும் குளிக்கவில்லை என்று அர்த்தம்.

சும்மா நிற்பானேன் என்று ஊர்ப் பக்கம் நடந்தேன். கொஞ்ச தூரத்தில் ஒரு சவுக்குத் தோப்பு. அதன் ஓரமாக வெள்ளைப் புகை. ஓடிப்போய்ப் பார்த்தால், ஒரு பெரியவர் கையில் பச்சை வேப்பங்கிளையுடன் நிற்கிறார். அவருக்கு முன்னால், தோப்பின் எல்லையை ஒட்டி, காய்ந்த புல் முழங்கால் உயரத்துக்கு நின்றபடி எரிந்துகொண்டிருக்கிறது. தீ தோப்புப் பக்கம் தலையைத் திருப்பும்போதெல்லாம் வேப்பங்கிளையால் ஒரு தட்டு. அடங்கிவிடுகிறது. மாட்டைத் தட்டி ஓட்டுகிற மாதிரி நிதானமாகத் தட்டிக்கொண்டு நடக்கிறார்.

‘என்னங்க பெரியவரே, உங்க தோப்புக்கு நீங்களே நெருப்பு வைக்கறீங்க?’

‘தோப்புக்கு இல்ல தம்பி, புல்லுக்கு. மழைக்கு வளந்த புல்லு. இப்பவே கொளுத்தி வுட்டா வெயில் காலத்துல பயமில்ல. எவனாவது பீடியைத் தூக்கிப் போட்டாலும் ஓரத்தோட நின்னுடும்.’

‘அதுக்கு வெயில் காலத்துலயே கொளுத்தலாமே? சீக்கிரம் எரிஞ்சிடுமே?’

என்னை ஏற இறங்கப் பார்த்தார். பட்டணத்து ஆள் என்று புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

‘தையில வச்சா நெருப்பு நாம சொல்றதக் கேக்கும். சித்திரையில வச்சா அது சொல்றத நாம கேக்கணும்.’

அவ்வளவுதான். மறுபடி வேப்பங்கிளை, மறுபடி தட்டு.

நண்பர் வந்தார், பழவேற்காடு போனேன், வேலை முடிந்தது. அந்த ஒரு வரி மட்டும் மண்டையைவிட்டுப் போகவில்லை. காரணம் இருக்கிறது. அனுப்பம்பட்டில் மலை கிடையாது. யானை மேய்கிற புல்வெளி கிடையாது. ஆனால், பெரியவர் போகிறபோக்கில் சொன்ன அதே கணக்கைத்தான் மேற்குத் தொடர்ச்சி மலையின் பழங்குடிகள் காலங்காலமாகப் போட்டு வந்தார்கள். அதைத் தப்பு என்று அடித்துவிட்டு, அரசாங்கம் வேறு கணக்கு எழுதியது. நூற்றைம்பது வருடங்களுக்குப் பிறகு இப்போது கூட்டிப் பார்த்தால், உதைக்கிறது.

அந்தக் கதைதான் இந்த வாரம்.

*

காட்டில் தீ என்றதும் நமக்கு நினைவு வருவது குரங்கணி. 2018-ம் வருடம் மார்ச் 11. தேனி மாவட்ட மலைகளில் டிரெக்கிங் போய்விட்டு, கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தவர்களைக் காய்ந்த புல்வெளியில் தீ சூழ்ந்துகொண்டது. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். பெரும்பாலும் இளைஞர்கள். அதற்கு அடுத்த வருடம், 2019 பிப்ரவரியில், கர்நாடகத்தின் பந்திப்பூர் காடு எரிந்ததை டி.வி.யில் பார்த்தோம்.

இந்த மாதிரிச் செய்திகளைப் படித்துப் படித்து நமக்குள் ஒரு தீர்மானம் ஏறிவிட்டது. தீ என்றால் அழிவு. காட்டில் தீ வைக்கிறவன் குற்றவாளி. எங்கே புகை வந்தாலும் உடனே அணை.

நியாயமான பயம்தான். ஆனால், எல்லாத் தீயும் ஒரே தீ இல்லை. முக்கியமாக, புல்வெளிகளில்.

புல்லின் உடம்பு அமைப்பு விசித்திரமானது. மரத்துக்கு வளர்கிற நுனி மேலே இருக்கும். கிளை நுனியைக் கிள்ளினால் அந்தக் கிளை அதோடு சரி. புல்லுக்கு அப்படி இல்லை. அதன் குருத்து தரையோடு தரையாக, சில சமயம் மண்ணுக்குள்ளேயே ஒளிந்திருக்கும். மேலே நீட்டிக்கொண்டிருப்பதை மாடு தின்றாலும், அரிவாள் அறுத்தாலும், தீ எரித்தாலும் அதற்குப் பெரிய நஷ்டமில்லை. சீட்டுப் பிடிக்கிறவர்கள் சொல்வார்களே, முதல் கையில் இருக்கிறது, வட்டிதான் போச்சு என்று. அந்த மாதிரி.

புல்தீ ஓடுகிற தீ. ஓரிடத்தில் நின்று நிதானமாக எரியாது. மேலே கொழுந்துவிட்டாலும், இரண்டு மூன்று விரற்கடை கீழே மண் பெரிதாகச் சுடாது. பழைய சருகு போய்விடுவதால் வெயில் குருத்தின் மேல் படுகிறது. சாம்பல் உரமாகிறது. மழை எட்டிப் பார்த்ததும் இளம்பச்சையாகத் தளிர் கிளம்புகிறது. மானும் காட்டெருமையும் முற்றிய புல்லைவிட இந்தத் தளிரைத்தான் தேடி வரும். அதில் சத்து ஜாஸ்தி.

மரக்கன்றுகளின் கதை வேறு. தீயின் உயரத்துக்குள் தலை இருக்கிறவரைக்கும் அவற்றுக்குக் கஷ்டம்தான். கருகும், அடியிலிருந்து துளிர்க்கும், மறுபடி கருகும். நடுவில் இரண்டு மூன்று வருடங்கள் தீ வராமல் இருந்தால், சட்டென்று தீக்கு மேலே தலையைத் தூக்கிவிடும். பட்டையும் தடித்துவிடும். அதன்பிறகு அந்த மரத்தைப் புல்தீ ஒன்றும் செய்யாது. இப்படி அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தப்பித்த மரங்களும், நடுவே புல்லுமாக இருக்கிற நிலத்தைத்தான் சவானா என்கிறார்கள். சவானா என்றால் ஆப்பிரிக்கா, சிங்கம், ஒட்டகச்சிவிங்கி என்று நினைத்துக்கொள்கிறோம். பெங்களூரில் உள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் ஜெயஸ்ரீ ரத்னம், மகேஷ் சங்கரன் முதலியோர் 2011-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். இந்தியாவில் ‘இலையுதிர் காடு’ என்று கணக்கில் எழுதிவைத்திருக்கும் இடங்களில் பல, உண்மையில் சவானாக்கள் என்பது அவர்கள் வாதம். முதுமலை, பந்திப்பூர் பக்கம் பஸ்ஸில் போகும்போது பாருங்கள். மரங்களுக்கு நடுவே இடுப்பளவு புல் நிற்கும். அடர்காட்டில் அப்படிப் புல் வளராது. நிழல் விடாது.

தீயே இல்லாத உலகம் எப்படி இருக்கும் என்று தென்னாப்பிரிக்காவின் வில்லியம் பாண்டும் அவருடைய சகாக்களும் 2005-ல் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். பூமியின் தாவரப் பரப்பில் 27 சதவிகிதமாக இருக்கும் அடர்காடு 56 சதவிகிதமாகிவிடும் என்று வந்தது.

‘நல்லதுதானே, காடு டபுள் ஆகுதே!’ என்று தோன்றுகிறதல்லவா? எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. அந்த டபுள் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். பெரும்பகுதி புல்வெளியிலிருந்தும் சவானாவிலிருந்தும் வருகிறது. புல்லை நம்பிப் பிழைக்கிற வரையாடு, மான், காட்டெருமை, ஆடு மாடு மேய்க்கிற மனிதர்கள் எல்லோருடைய சோற்றையும் பிடுங்கித்தான் அந்த லாபம். எங்கள் பி.காம். வகுப்பில் முதல் வருடமே சொல்லித் தருவார்கள். ஒரு பக்கம் வரவு எழுதினால், இன்னொரு பக்கம் பற்று எழுதாமல் இருக்க முடியாது.

*

சரி, தீயைக் குற்றம் என்று முதலில் எழுதியது யார்?

1856-க்குப் போவோம். அந்த வருடம் ஜூலையில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குத் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியது. அதே வருடம்தான் மெட்ராஸ் மாகாணத்துக்கு முதல் காட்டுப் பாதுகாவலராக ஹியூ க்ளெகார்ன் நியமிக்கப்பட்டார். ஸ்காட்லாந்து டாக்டர். தாவரவியல் பித்து. இரண்டும் ஒரே வருடத்தில் நடந்தது தற்செயலாக இருக்கலாம். இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று மட்டும் சொல்ல முடியாது. தண்டவாளத்துக்கு அடியில் போட மரக்கட்டை வேண்டும். எஞ்சினுக்கு விறகு வேண்டும். கப்பலுக்குத் தேக்கு வேண்டும். மரம் பணமாகிவிட்டது. பணத்தின் பக்கத்தில் ஒருவன் நெருப்போடு நின்றால் யாருக்குத்தான் பொறுக்கும்?

மலைவாசிகள் காட்டை எரித்து, ஒன்றிரண்டு வருடம் விதைத்துவிட்டு நகர்ந்துபோகும் குமரி விவசாயத்தை க்ளெகார்ன் கடுமையாக எதிர்த்தார். 1860-ல் அதற்கு மெட்ராஸ் அரசாங்கம் கட்டுப்பாடு விதித்தது. 1864-ல் இந்தியாவுக்கென்று வனத்துறை வந்தது. அதன் முதல் தலைவர் டீட்ரிச் பிராண்டிஸ், ஜெர்மானியர். துறையின் அதிகாரிகள் வனவியல் படித்தது ஜெர்மனியிலும் பிரான்ஸிலும். அங்கே மழை வருடம் பூராவும் சொட்டிக்கொண்டிருக்கும். காட்டில் தீ என்பது எப்போதாவது நடக்கிற விபத்து. நம்மூர் மாதிரி நாலு மாதம் மழை, எட்டு மாதம் வெயில் என்கிற கணக்கு அவர்கள் பாடப்புத்தகத்தில் இல்லை.

மத்திய மாகாணத்தின் போரி என்ற தேக்குக் காட்டில் 1860-களில் கர்னல் பியர்சன் ஒரு பரிசோதனை செய்தார். காட்டைச் சுற்றிப் புல்லை அகற்றி, காவல் போட்டு, தீயே புகாமல் பார்த்துக்கொண்டார். பலித்தது. கன்றுகள் எழும்பின. துரைமார்களுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பார்முலா கிடைத்துவிட்டது! 1878-ன் இந்தியக் காட்டுச் சட்டம், 1882-ன் மெட்ராஸ் காட்டுச் சட்டம் என்று வரிசையாக வந்தன. ஒதுக்கப்பட்ட காட்டில் தீ வைப்பது தண்டனைக்குரிய குற்றம். நேற்றுவரை தாத்தா சொல்லிக்கொடுத்த வேலையைச் செய்தவன், மறுநாள் காலையில் குற்றவாளி.

ஆனால், காடு சட்டப் புத்தகம் படிப்பதில்லை.

பர்மா அப்போது பிரிட்டிஷ் இந்தியாவோடு சேர்ந்திருந்தது. உலகத்தின் தலைசிறந்த தேக்கு அங்கேதான். அங்கேயும் தீத்தடுப்பை மும்முரமாகச் செய்தார்கள். கொஞ்ச வருடம் கழித்துப் பார்த்தால், பெரிய தேக்கு நிற்கிறது, குட்டித் தேக்கைக் காணோம்! தீ இல்லாததால் மூங்கிலும் புதரும் மண்டி, தேக்கங்கன்றுக்கு வெளிச்சமே கிடைக்காமல் போய்விட்டது. 1896-ல் ஸ்லேட் என்ற வன அதிகாரி, ‘இந்தியன் ஃபாரஸ்டர்’ பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். பர்மாவில் தீத்தடுப்பு அளவுக்கு மீறிப் போய்விட்டது என்பதுதான் தலைப்பின் சாரம். துறைக்குள்ளேயே ஒரு கலகக்குரல். பெரிய சண்டை நடந்தது. கடைசியில், ஈரப்பாங்கான தேக்குக் காடுகளில் தீத்தடுப்பைப் படிப்படியாகக் கைவிட்டார்கள். வங்காளத்திலும் அஸ்ஸாமிலும் சால் மரக் காடுகளில் இதே கதை திரும்ப நடந்தது. கன்று முளைக்கவில்லை என்று தெரிந்ததும், வன அதிகாரிகளே திட்டம் போட்டுத் தீ வைத்தார்கள்.

இங்கேதான் எனக்கு வயிறு எரிகிறது. விஷயம் 1896-லேயே தெரிந்துவிட்டது. எழுத்தில் இருக்கிறது. துரை தீ வைத்தால் அதற்கு வனவியல் என்று பெயர். மலைவாசி வைத்தால் குற்றம். அந்தப் பாகுபாடு மட்டும், சுதந்திரம் வந்த பிறகும் ஃபைலைவிட்டு இறங்கவே இல்லை.

*

நீலகிரிக்கு வருவோம். 1819-ல் கோயமுத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் மேலே ஏறியபோது பார்த்தது மைல் கணக்கில் புல்வெளி. மடிப்புகளில் மட்டும் சோலைக் காடு. நடுவே தோடர்களின் எருமைகள். பனிக்காலத்தை ஒட்டித் தோடர்கள் காய்ந்த புல்லைக் கொளுத்திவிடுவார்கள். எருமைக்குப் புதுத் தளிர் கிடைக்கும். ஈரமான சோலையின் விளிம்புக்கு வந்ததும் அந்தத் தீ தானாக அணைந்துவிடும்.

வெள்ளைக்காரர்கள் அந்தப் புல்வெளியைப் பார்த்து, ஒரு காலத்தில் இது காடாக இருந்திருக்கும், தீ வைத்தே அழித்துவிட்டார்கள் என்று முடிவுகட்டினார்கள். காலியிடத்தில் மரம் நடுவது புண்ணியம்தானே? 1840-களில் ஆஸ்திரேலியாவிலிருந்து தைலமரமும் சீகை மரமும் வந்து இறங்கின. சுதந்திரத்துக்குப் பிறகு, ஆலைகளுக்கு மரக்கூழும் தோல் பதனிடப் பட்டையும் வேண்டும் என்று, நம் அரசாங்கமே புல்வெளிகளில் இன்னும் வேகமாக நட்டது. எருமை மேய்ந்த சரிவுகள் சீகைத் தோப்புகளாயின. தோடர்களின் தீக்குத் தடை.

அந்த முடிவு சரிதானா என்று மண்ணைத் தோண்டிப் பார்த்தவர்கள் உண்டு. ஆர்.சுகுமாரும் சக விஞ்ஞானிகளும் நீலகிரியின் சதுப்புகளில் அடுக்கடுக்காக மக்கிக் கிடந்த மண்ணை எடுத்து, அதிலிருந்த கார்பனைப் பரிசோதித்தார்கள். புல்லின் கார்பனுக்கும் மரத்தின் கார்பனுக்கும் வித்தியாசம் உண்டு. 1993-ல் ‘நேச்சர்’ இதழில் வந்த அந்த ஆய்வு சொன்னது: இந்த மலைகளில் புல் இருபதாயிரம் வருடங்களாக இருக்கிறது. பருவமழை பலமான காலத்தில் காடு கொஞ்சம் கூடும். வறண்ட காலத்தில் புல் கூடும். ஆக, இது மனிதன் அழித்துக் காலியான இடம் இல்லை. ஊட்டி என்று ஓர் ஊர் உருவாவதற்கு முன்பே, விவசாயம் என்ற ஒன்று தோன்றுவதற்கு முன்பே, அது புல்வெளி. பனியும் தீயும் மேய்ச்சலும் சேர்ந்து காப்பாற்றி வந்த புல்வெளி.

பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை நீலக்குறிஞ்சி பூப்பது அங்கேதான். நம் மாநில விலங்கான வரையாடு மேய்வதும் அங்கேதான். மூணாறுக்குப் பக்கத்தில் இரவிகுளத்தில், வரையாடுகளுக்காகவே புல்லைக் குளிர்காலத்தில் சின்னச் சின்னத் துண்டுகளாக, வருடத்துக்கு ஒரு பக்கம் என்று மாற்றி மாற்றி எரிக்கும் வழக்கம் இருந்து வந்திருக்கிறது. வேலை தெரிந்த முதுவர்கள் துணையோடுதான்.

*

இனி, சத்தியமங்கலம் காட்டைத் தாண்டிக் கர்நாடகப் பக்கம். சாம்ராஜ்நகர் மாவட்டத்தில் பிலிகிரி ரங்கன் மலை. சோளகர்களின் மலை. நம் ஈரோடு மாவட்டத்திலும் அவர்களின் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள்.

சோளகர்கள் ஜனவரி, பிப்ரவரியில் காட்டின் தரையில் ஒரு தீ வைப்பார்கள். ‘தரகு பெங்கி’ என்று பெயர். நமக்குத் தரகு என்றால் கமிஷன். அவர்கள் மொழியில் சருகு. சருகுத் தீ. இலை முழுக்க உதிர்ந்து முடிவதற்குள், புல்லில் கொஞ்சம் ஈரம் மிச்சமிருக்கும்போதே, பனி காய்வதற்குள் வைக்கிற தீ. கணுக்கால், முழங்கால் உயரத்துக்கு மேல் போகாது. ஓர் இடம் எரியும், பக்கத்து இடம் எரியாது. சாயங்காலம் குளிர் இறங்கியதும் படுத்துவிடும்.

அனுப்பம்பட்டுப் பெரியவரின் கணக்கு நினைவிருக்கிறதா? அதேதான்.

1974-ல் அந்த மலை வனவிலங்கு சரணாலயமானது. சோளகர்களின் இடம்மாறும் விவசாயம் நின்றது. தீயும் நின்றது. 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் சரணாலயத்துக்குள் தீ வைப்பதைக் கறாராகத் தடை செய்கிறது.

இந்த இடத்தில் கதைக்குள் ஒரு வில்லன் நுழைகிறான். பார்க்க ரொம்ப அழகாக இருப்பான். உண்ணிச்செடி. ஆரஞ்சும் மஞ்சளும் ரோஸுமாகக் கொத்துக் கொத்தாகப் பூக்குமே, அதுதான். அமெரிக்கக் கண்டத்துச் செடி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்கு அழகுக்காகக் கொண்டுவந்தார்கள். பழத்தைப் பறவைகள் தின்று ஊரெல்லாம் விதைத்துவிட்டன. இன்றைக்கு இந்தியக் காடுகளில் ஒன்றரை லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல் அது பரவியிருக்கிறது. தமிழ்நாட்டின் பரப்பைவிட அதிகம். அது மண்டிய இடத்தில் புல் வளராது. மான் நுழைய முடியாது. மனிதன் நடக்க முடியாது.

பிலிகிரி ரங்கன் மலையில் ஏட்ரீ என்கிற ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த பரத் சுந்தரமும் அங்கிலா ஹிரேமத்தும் இதை எண்ணியே பார்த்தார்கள். 1997-ல் அந்தக் காட்டில் இருபது தண்டுகளை எண்ணினால் அதில் ஒன்று உண்ணிச்செடி. 2008-ல் மூன்றுக்கு ஒன்று! பதினோரே வருடத்தில்.

சோளகப் பெரியவர்கள் இதற்குச் சொல்கிற காரணம்: ‘தீயை நிறுத்தினீங்க, அது வந்திடுச்சு.’ செடி அங்கங்கே தலைகாட்டும்போதே சருகுத் தீ அதன் கன்றைத் தீய்த்துவிடும் என்கிறார்கள். இன்னொன்றும் சொல்கிறார்கள். அவர்கள் காட்டில் பொறுக்கி விற்கிற முக்கியப் பண்டம் நெல்லிக்காய். நெல்லி மரங்களில் புல்லுருவி ஏறி உறிஞ்சுகிறது. முன்பெல்லாம் தீ அதை மட்டுப்படுத்தி வைத்திருந்ததாம். ஆராய்ச்சியாளர்கள் ரொம்ப நாள் இதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிறகு ஆய்வு செய்தவர்கள், இது யோசிக்க வேண்டிய விஷயம்தான் என்று எழுதியிருக்கிறார்கள்.

சரி, உண்ணிச்செடி வந்துவிட்டது. இப்போதாவது பழையபடி தீ வைக்க விடலாமே?

அங்கேதான் கதை கசக்கிறது. முன்னே தரையில் இருந்தது கணுக்காலளவு சருகு. இப்போது இருப்பது ஆள் உயரத்துக்குப் பின்னிக்கிடக்கும் புதர். அதில் நெருப்புப் பட்டால் ஏணி வைத்த மாதிரி மரத்தின் உச்சிக்கு ஏறும். மரமும் போகும். எரிந்து முடிந்ததும் உண்ணிச்செடி மட்டும் வேரிலிருந்து ஜம்மென்று துளிர்க்கும். நீலகிரிச் சீகையும் அப்படியே. அதன் விதை மண்ணுக்குள் வருடக்கணக்கில் தூங்கும். தீயின் சூட்டில்தான் ஓடு வெடித்து விழிக்கும். புல்லைக் காப்பாற்றிய தீ, இப்போது வந்தேறிக்குத் தாதி வேலை பார்க்கிறது. இனிமேல் வைத்தால் காடே போய்விடும் என்று சோளகர்களே தயங்குகிறார்கள்.

இதைக் கடன் கணக்கில் சொன்னால் எனக்குச் சீக்கிரம் புரிகிறது. சருகு என்பது காடு வருடா வருடம் வாங்குகிற கடன். தை மாதத் தீ, மாதத் தவணை மாதிரி. அவ்வப்போது கட்டிவிட்டால் தொல்லையில்லை. கட்டவே கூடாது என்று சட்டம் போட்டோம். அசல், வட்டி, வட்டிக்கு வட்டி என்று ஏறிவிட்டது. சித்திரையில் ஜப்தி நோட்டீஸ் வருகிறது. இப்போது பழைய தவணையைக் கையில் வைத்துக்கொண்டு ஓடினால், எந்தக் கடன்காரன் வாங்கிக்கொள்வான்?

*

இதைப் படித்துவிட்டு, தீ நல்லது என்று யாரும் தீப்பெட்டியோடு கிளம்பிவிட வேண்டாம். சோலைக் காட்டில் தீ புகுந்தால் அது கொலைதான். அந்த மரங்களுக்குத் தீயைத் தாங்கும் பட்டை கிடையாது. புல்வெளியிலும், ஒரே இடத்தை வருடம் தவறாமல் எரித்தால் ஒரு கன்றுகூடத் தலையெடுக்காது. நீலகிரி நெட்டைக்காலி என்றொரு குருவி புல்லுக்குள் தரையில் கூடு கட்டுகிறது. கோடையில் எரிந்தால் அதன் குஞ்சுகள் சாம்பல். முற்றிலும் கருகிய சரிவில் பெருமழை கொட்டினால் மேல்மண் ஓடிவிடும். எந்த இடம், எந்த மாதம், எத்தனை வருடத்துக்கு ஒருமுறை. இந்த மூன்று கேள்விக்கும் பதில் தெரியாதவன் கையில் தீ இருக்கக் கூடாது.

ஆனால், பதில் தெரிந்தவர்கள் இருந்தார்களே? அவர்களை நாம் என்ன செய்தோம்?

ஆஸ்திரேலியாவின் வடக்குப் பகுதியில் ஆர்னம்லேண்ட். அங்கேயும் பழங்குடிகள், அங்கேயும் சவானா, அங்கேயும் வெள்ளைக்காரர்கள் வந்த பிறகு பழைய தீ நின்று, கோடையின் பெருந்தீ வழக்கமானது. 2006-ல் ஒரு திட்டம் தொடங்கினார்கள். பழங்குடிகளையே சம்பளத்துக்கு வைத்து, வறட்சி முற்றுவதற்கு முன்பே, துண்டு துண்டாகக் குளிர்ந்த தீ வைப்பது. கடைசியில் வருகிற பெருந்தீ குறைந்தது. ஆகாயத்துக்குப் போகிற கரிப்புகையும் மொத்தத்தில் குறைந்தது. அப்படிக் குறைந்ததை டன் கணக்கில் அளந்து, ஒரு எரிவாயு நிறுவனம் வருடா வருடம் காசு கொடுத்தது. தாத்தா சொல்லிக்கொடுத்த வேலைக்குப் பேரனுக்குச் சம்பளம்!

இங்கே? பிலிகிரி ரங்கன் மலைச் சோளகர்களுக்கு 2011-ல் வன உரிமைச் சட்டப்படி சமூக உரிமைகள் கிடைத்தன. புலிகள் காப்பகத்துக்குள் வாழும் பழங்குடிகளுக்கு அப்படிக் கிடைத்தது நாட்டிலேயே முதல்முறை. பெரிய வெற்றிதான். தீ விஷயத்தில் மட்டும் சட்டம் பழைய இடத்திலேயே நிற்கிறது. தமிழக அரசு 2022-ல் அந்நியத் தாவரங்களை அகற்றுவதற்கென்று ஒரு கொள்கை வெளியிட்டது. உண்ணிச்செடியையும் சீகையையும் வெட்டி, வேரோடு பிடுங்கி, புல் விதைத்து... செலவு பிடித்த வேலை, வருடக்கணக்கான வேலை. செய்துதான் ஆக வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. வனத்துறை ஒவ்வொரு வருடமும் கோடைக்கு முன்பு தீத்தடுப்புக் கோடு போடுகிறது. அதாவது, பாதை ஓரமாக நீளவாக்கில் புல்லைத் தானே எரித்துவிடுகிறது. ஜனவரி, பிப்ரவரியில்தான். அந்த வேலைக்கும், பிறகு கோடையில் தீக்காவலுக்கும் தற்காலிகக் கூலிகளாக யாரைச் சேர்க்கிறார்கள் தெரியுமா? பெரும்பாலும் பக்கத்துக் குடியிருப்புகளின் பழங்குடிகளைத்தான். கை அவர்களுடையது, மாதம் அவர்களுடையது, நெருப்பும் அவர்களுடையது. உத்தரவு மட்டும் வேறு இடத்திலிருந்து.

பழவேற்காட்டிலிருந்து திரும்பும்போது இருட்டிவிட்டது. அனுப்பம்பட்டு ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் பைக்கை நிறுத்தச் சொல்லி அந்தச் சவுக்குத் தோப்பைப் பார்த்தேன். ஓரமெல்லாம் கறுப்பாக ஒரு கோடு, கரை போட்ட வேட்டி மாதிரி. தோப்பு அப்படியே நின்றது. ஒரு பொட்டுக் கங்குகூட மிச்சமில்லை. பெரியவர் வீட்டுக்குப் போய்விட்டிருந்தார்.

வேப்பங்கிளையை மட்டும் வேலியில் செருகி வைத்திருந்தார்.